யூடியூப் ஓடினால் வகுப்பும் ஓடுமா?

கேள்வி: ருவைஸில் கம்பெனிக் குடியிருப்பில் இருக்கிறோம். கணவருக்கு ரிஃபைனரியில் ஷிஃப்ட் வேலை. மகள் ஐந்தாம் வகுப்பு, மகன் இரண்டாம் வகுப்பு. பள்ளியிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்திருக்கிறது. வீட்டுப்பாடம், வாராந்திரத் தேர்வு எல்லாம் இனி கிளவுட் மென்பொருளில் நடக்குமாம். மழை, மணற்புயல் என்று பள்ளி மூடினால் வகுப்பும் அதிலேயே நடக்குமாம். 'உங்கள் பிள்ளையின் கணினி இதற்கு ஒத்துவருமா என்று சரிபார்த்து, படிவத்தில் டிக் செய்து ஒரு வாரத்துக்குள் அனுப்பவும்' என்று எழுதியிருக்கிறார்கள். எப்படிச் சரிபார்ப்பது என்று ஒரு வரி இல்லை.

வீட்டில் நான்கு சாதனங்கள் இருக்கின்றன. 2012-ல் நான் அரசுக் கல்லூரியில் படித்தபோது கொடுத்த தமிழக அரசின் லேப்டாப். விண்டோஸ் 7, 2 ஜிபி ராம். இரண்டாவது, கணவர் 2016-ல் வாங்கிய லேப்டாப். ஐ5, 4 ஜிபி, விண்டோஸ் 10. மூன்றாவது அவருடைய ஆபீஸ் லேப்டாப், புதிது. நான்காவது, 2019-ல் வாங்கிய ஆண்ட்ராய்டு டேப்லெட். இரண்டாவது லேப்டாப்பில் யூடியூப் நன்றாகவே ஓடுகிறது. ஊரில் இருக்கும் அம்மாவோடு போடிம் செயலியில் பேசினாலும் தடங்கல் இல்லை. ஒரு கடைக்காரர், "எல்லாம் கிளவுட்டில்தானே நடக்குது, எந்த லேப்டாப்பும் போதும்" என்கிறார். இன்னொருவர், "ஐ7-க்குக் குறைஞ்சு வாங்காதீங்க" என்கிறார். நான் படிவத்தில் டிக் செய்யலாமா, கூடாதா?

— ஒரு வாசகி, ருவைஸ்

பதில்: இப்போதைக்கு டிக் செய்யாதீர்கள். ஒரு மாலை நேரம் ஒதுக்கிச் சோதித்துப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். இரண்டு கடைக்காரர்கள் சொன்னதும் தவறு. நீங்கள் அடையாளமாகச் சொன்ன யூடியூப் அதைவிடப் பெரிய ஏமாற்று.

யூடியூப் என்பது ஒருவழிப் பாதை. படம் அங்கிருந்து இங்கே வருகிறது, அவ்வளவுதான். அடுத்த அரை நிமிடத்துக்கான படத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளும். அதனால் இணைப்பு நடுவில் ஐந்து நொடி செத்துப் பிழைத்தாலும் உங்களுக்குத் தெரியாது. நேரடி வகுப்பில் முன்கூட்டி இறக்கி வைக்க எதுவுமே கிடையாது, டீச்சர் இன்னும் பேசவே இல்லையே! அதோடு உங்கள் மகளின் முகத்தையும் குரலையும் அதே நொடியில் சுருக்கி மேலே அனுப்பவேண்டும். இந்தச் சுருக்கும் வேலையைச் செய்வது கிளவுட் அல்ல, உங்கள் லேப்டாப். கூடவே இருபது, முப்பது பிள்ளைகளின் சின்னச் சின்னப் படங்களை விரித்துக் காட்ட வேண்டும். டீச்சர் பகிரும் திரை, பக்கத்து டேபில் திறந்திருக்கும் ஒர்க்‌ஷீட், இன்னொரு டேபில் கணக்குப் பயிற்சி என்று எல்லாமே ஒரே நேரத்தில். அம்மாவோடு பேசும்போது இருப்பது ஒரு முகம். அதுவும் பெரும்பாலும் கைப்பேசியில்தான் பேசியிருப்பீர்கள்.

கிளவுட் என்றால் சமையல் வெளியே நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாடு எங்கிருந்து வந்தாலும் இலை போடவேண்டியது நம் வீட்டில்தான். அந்த இலைதான் பிரவுசர். இன்றைக்கு ஒரு வீட்டுக் கணினியில் ஓடும் நிரல்களில் அதிக ராம் தின்பது அநேகமாகப் பிரவுசர்தான். அதனால் 'எந்த லேப்டாப்பும் போதும்' என்பது பொய். ஆனால் அந்த இலையைப் போட ஐ7 வேண்டும் என்பது வியாபாரம்.

பள்ளி இதைக் கேட்பதில் நியாயம் உண்டு. 2020 மார்ச் 22 எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை. அப்போது இங்கே வாரம் ஞாயிறன்றுதான் தொடங்கும். அமீரகம் முழுக்கப் பள்ளிகள் ஒரே நாளில் வீட்டுக்கு வந்தன. அந்த வாரம் என் கைப்பேசிக்கு வந்த அழைப்புகளில் பாதி, "சார், சத்தம் வருது, படம் வரல" வகை. இணையவழிப் பேச்சுக்குக் கட்டுப்பாடு இருக்கும் நாடு என்பதால், ஜூம், டீம்ஸ் போன்றவற்றை அப்போது தனியாக அனுமதித்தார்கள். பிறகு 2024 ஏப்ரல் 16. பெருமழையில் துபாயும் ஷார்ஜாவும் மிதந்தபோது, பள்ளிகள் மறுபடி வீட்டுக்கு வந்தன. நான்கு வருடம் கழித்தும் அதே அழைப்புகள். மென்பொருள் மாறியிருந்தது, பிள்ளைகள் வளர்ந்திருந்தார்கள், லேப்டாப் மட்டும் அப்படியே இருந்தது.

சரி, சோதனைக்கு வருவோம். இதற்குக் கடைக்காரர் வேண்டாம், தனி மென்பொருளும் வேண்டாம். வகுப்பு நடக்கும்போது எப்படி இருக்குமோ அப்படியே எல்லாவற்றையும் அமைத்துக்கொண்டு, முழுதாக முக்கால் மணி நேரம் ஓட்டுங்கள். ஐந்து நிமிடச் சோதனையில் எந்த லேப்டாப்பும் பாஸாகிவிடும். கோளாறு இருபதாவது நிமிடத்துக்கு மேல்தான் தலைகாட்டும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

மகள் எங்கே உட்கார்ந்து படிப்பாளோ, அதே இடத்தில் வையுங்கள். ரூட்டர் இருக்கும் ஹாலில் சோதித்துவிட்டு வகுப்பைப் படுக்கையறையில் நடத்துவது, ஹைவேயில் காரை ஓட்டிப் பார்த்துவிட்டு மணல்மேட்டில் ஏற்றுவது போலத்தான். உங்கள் கூகுள் கணக்கில் நுழையாதீர்கள். பள்ளி மகளுக்குக் கொடுத்த கணக்கில் நுழையுங்கள். மகளின் வகுப்பில் படிக்கும் பிள்ளைகளின் அம்மாக்கள் மூன்று, நான்கு பேரிடம் சொல்லி, ஒரே நேரத்தில் ஒரு மீட்டிங்கில் சேரச் சொல்லுங்கள். ருவைஸில் அதற்கா பஞ்சம்? பக்கத்து பிளாக்கிலேயே இருப்பார்கள். அவர்களுக்கும் அதே படிவம்தான் வந்திருக்கும். ஆள் கிடைக்காவிட்டால் உங்கள் கைப்பேசி, கணவர் கைப்பேசி இரண்டையும் மீட்டிங்கில் சேருங்கள், இரண்டிலும் கேமராவைத் திறந்து வையுங்கள். ஒருவர் திரையைப் பகிரட்டும். மகள் பக்கத்து டேபில் வீட்டுப்பாடத்தைத் திறந்து தட்டச்சு செய்யட்டும். மகனையும் அதே நேரத்தில் டேப்லெட்டில் ஏதாவது பாடக் காணொளி பார்க்கச் சொல்லுங்கள். மழை நாளில் வீட்டில் இதுதானே நடக்கும்!

இப்போது லேப்டாப்பில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். சிபியு, மெமரி, டிஸ்க் என்று மூன்று பத்திகள், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சதவீதம். மெமரி 90-ஐத் தொட்டுக்கொண்டு, டிஸ்க் 100-லேயே நின்றால் கதை இதுதான்: ராம் நிரம்பிவிட்டது, மிச்சத்தை ஹார்டு டிஸ்க்கில் எழுதி எழுதி எடுக்கிறது. சுழலும் தட்டு கொண்ட பழைய ஹார்டு டிஸ்க் என்றால் அங்கேயே மூச்சு வாங்கும். மகள் ஒரு எழுத்தை அடித்தால் மூன்று நொடி கழித்துத் திரையில் வரும். தேர்வில் அந்த மூன்று நொடியை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மெமரியும் டிஸ்க்கும் அடங்கியிருந்து சிபியு மட்டும் 100-ல் நின்றால், முகத்தைச் சுருக்கி அனுப்புவதில் திணறுகிறது என்று பொருள்.

கூகுள் மீட் என்றால் இன்னொரு வசதி உண்டு. மீட்டிங் நடக்கும்போதே மூன்று புள்ளிகளைத் தொட்டு, 'ட்ரபிள்ஷூட்டிங்' பகுதிக்குப் போங்கள். கணினியின் சுமைக்கு ஒன்று, இணைப்பின் நிலைத்தன்மைக்கு ஒன்று என இரண்டு கோடுகள் ஓடிக்கொண்டிருக்கும். படம் உறையும் நொடியில் எந்தக் கோடு கெடுகிறது என்று பாருங்கள். குற்றவாளி லேப்டாப்பா, வைஃபையா என்று அதுவே காட்டிக்கொடுத்துவிடும். இதைப் பார்க்காமல் புது லேப்டாப் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். ரூட்டரை மாற்றவேண்டிய இடத்தில் லேப்டாப்பை மாற்றினார்கள். புது லேப்டாப்பிலும் படம் உறைந்தது.

இருபது நிமிடக் கதையைச் சொல்கிறேன் என்றேன். சூடுதான் காரணம். சில்லு சூடேறினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எந்த லேப்டாப்புக்கும் இது பொது. ஆனால் அபுதாபி நகரிலிருந்து மேற்கே சுமார் 240 கிலோமீட்டர் தள்ளி, ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் மணலுமாக இருக்கிற உங்கள் ஊரில், லேப்டாப்பின் காற்றுப் போகும் வழியில் வருடக்கணக்கில் படிந்திருப்பது மாவுபோன்ற தூசி. கடலோர ஈரத்தில் அது பிசினாக ஒட்டிக்கொள்ளும். 2016 லேப்டாப்பை இதுவரை ஒருமுறைகூடத் திறந்து சுத்தம் செய்திருக்க மாட்டீர்கள். அடியில் உள்ள மூடியைக் கழற்றி, ஃபேனைத் துடைத்து, சில்லின்மேல் காய்ந்துபோன பேஸ்ட்டை மாற்றச் சொல்லுங்கள். சின்ன வேலை. மெத்தைமேல், தலையணைமேல் வைத்து வகுப்பு கவனிப்பதை மட்டும் இன்றோடு நிறுத்துங்கள். அடியில் உள்ள துவாரத்தைப் போர்வை மூடிவிடும்.

சூட்டோடு சேர்ந்த இன்னொரு விஷயம். மீட்டிங்கில் பின்னணியை மங்கலாக்கும் வசதி இருக்கிறதல்லவா? ஒவ்வொரு நொடியும் மகளின் தலை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று லேப்டாப் வெட்டிக்கொண்டே இருக்கவேண்டும். பழைய லேப்டாப்புக்கு அது பெரிய பாரம். கொடியில் காயும் துணி தெரியக்கூடாது என்றால், நாற்காலிக்குப் பின்னால் ஒரு பெட்ஷீட்டைக் கட்டி, அந்த வசதியை அணைத்துவிடுங்கள். சிபியு சட்டென்று இறங்குவதை டாஸ்க் மேனேஜரிலேயே பார்க்கலாம்.

இனி உங்கள் நான்கு சாதனங்கள்.

அரசு லேப்டாப்பைச் சோதிக்கவே வேண்டாம். ராம் குறைவு என்பது இரண்டாவது காரணம். முதல் காரணம், விண்டோஸ் 7. அதற்கான குரோம் 2023 ஜனவரியில் வந்த 109-ஆம் பதிப்போடு நின்றுபோனது. கூகுளின் வகுப்பறை மென்பொருட்களுக்கு இப்போதைய பதிப்பும் அதற்கு முந்தைய ஒன்றும்தான் கணக்கு. சில பக்கங்கள் இன்னும் திறக்கும். தேர்வன்று ஒரு பொத்தான் வேலை செய்யாது. பாதுகாப்புத் திருத்தங்களும் வராத கணினியில் பிள்ளையின் பள்ளிக் கடவுச்சொல்லை இடுவது எனக்கு உடன்பாடில்லை.

2016 லேப்டாப்தான் உங்கள் வீட்டின் உண்மையான கேள்வி. ஐ5 என்று எழுதியிருக்கிறீர்கள், அது பாதித் தகவல். ஐ5-க்குப் பக்கத்தில் உள்ள எண்ணைப் பாருங்கள். 6200 என்றால் ஆறாம் தலைமுறை, 8250 என்றால் எட்டாம் தலைமுறை. 2016-ல் வாங்கியது பெரும்பாலும் ஆறாவதாக இருக்கும். விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ வேண்டும், அதனால் உங்களுக்கு அது கிடைக்காது. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. பதிவு செய்துகொண்டால் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2026 அக்டோபர் வரை வரும். இது மூடிக்கொண்டிருக்கும் கதவு. அதை நம்பி மகளின் ஆறாம் வகுப்பைத் தொடங்க முடியாது.

ஆனால் அதற்காக அந்த லேப்டாப்பைத் தூக்கி எறியாதீர்கள். இரண்டு வேலை செய்தால் இன்னும் சில காலம் உழைக்கும். ஒன்று, ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுங்கள். பழைய லேப்டாப்புக்கு உயிர் கொடுக்கும் வைத்தியத்தில் இதற்கு இணை இல்லை. ராமையும் 8 ஜிபியாக்க முடிந்தால் ஆக்குங்கள். முடிந்தால் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒருமுறை, லேப்டாப் எண்ணைக்கூடச் சரியாகப் பார்க்காமல், அக்கா மகனுக்காக அபுதாபியின் முசஃபாவிலிருந்து 8 ஜிபி ராம் வாங்கிப்போய், அடி மூடியை அத்தனை திருகும் கழற்றித் திறந்தேன். ராம் போடும் இடமே இல்லை, போர்டோடு சேர்த்துப் பற்றவைத்திருந்தார்கள். அவன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. மெல்லிய லேப்டாப்புகள் பலவற்றில் இப்படித்தான். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்துக்குப் போனால், எத்தனை ஸ்லாட், எத்தனை நிரம்பியிருக்கிறது என்று பெரும்பாலும் காட்டும். வாங்கும் முன் பாருங்கள், முடிந்தால் மூடியையும் திறந்து பாருங்கள்.

இரண்டாவது வேலை, விண்டோஸை விட்டுவிடுவது. பள்ளி கூகுள் கிளாஸ்ரூமையோ, பிரவுசரிலேயே ஓடும் வேறு எதையோ பயன்படுத்துகிறது என்றால், குரோம் ஓஎஸ் ஃபிளெக்ஸ் என்று கூகுள் 2022-ல் வெளியிட்ட இயங்குதளம் இலவசம். 4 ஜிபி ராம் போதும். ஒரு யுஎஸ்பியில் ஏற்றி, லேப்டாப்பில் எதையும் அழிக்காமலே முதலில் ஓட்டிப் பார்க்கலாம். அதே முக்கால் மணி நேரச் சோதனையை அதிலும் செய்யுங்கள், வித்தியாசம் தெரியும். ஆனால் பள்ளி விண்டோஸில் மட்டும் நிறுவக்கூடிய தேர்வு மென்பொருளைக் கேட்டால் இந்த வழி அடைபடும். அதனால் எதையும் மாற்றும் முன் பள்ளியின் கம்ப்யூட்டர் டீச்சருக்கு ஒரு மெசேஜ் போட்டு, இரண்டே கேள்வி கேளுங்கள்: எல்லாமே பிரவுசரில் நடக்குமா? தேர்வுக்கென்று தனியாக ஏதாவது நிறுவ வேண்டுமா? பல சுற்றறிக்கைகளில் இல்லாதது இந்த இரண்டு பதில்தான்.

ஆபீஸ் லேப்டாப். எல்லா வீட்டிலும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்பார்கள், "அவர் ஷிஃப்ட் முடிஞ்சு தூங்கும்போது பாப்பா எடுத்துக்கட்டும்" என்று. வேண்டாம். அது உங்கள் வீட்டில் இருக்கிறதே தவிர உங்கள் சொத்து அல்ல. கம்பெனி பூட்டி வைத்திருக்கும், எதையும் நிறுவ விடாது. பல தளங்களைத் தடுக்கும். கேமராவே மூடியிருக்கலாம். அதையும் மீறி ஓடிவிட்டால்தான் ஆபத்து அதிகம். எண்ணெய், எரிவாயு நிறுவனங்கள் பாதுகாப்பு விஷயத்தில் எவ்வளவு கறார் என்று உங்கள் கணவருக்கே தெரியும். பிள்ளை எதையோ கிளிக் செய்து, அதற்கு அவர் பதில் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். அது சோதனையில் பாஸானாலும் நான் மதிப்பெண் போட மாட்டேன்.

டேப்லெட், இரண்டாம் வகுப்புப் பையனுக்குப் போதும். அவன் பார்க்கவேண்டும், கேட்கவேண்டும், கையைத் தூக்கவேண்டும், நோட்டில் எழுதியதைப் படமெடுத்து அனுப்பவேண்டும். அனுப்பும் வேலைக்கு லேப்டாப்பைவிட டேப்லெட்தான் சுலபம். நிமிர்த்தி வைக்க ஒரு ஸ்டாண்டும், மைக் உள்ள ஹெட்செட்டும் வாங்குங்கள். இடம் நிரம்பியிருந்தால் பழைய விளையாட்டுகளை நீக்குங்கள். அவன் அழுவான், பரவாயில்லை.

இனி, கணினியே காரணமில்லாமல் வரும் இரண்டு தொல்லைகள். எனக்கு வரும் அழைப்புகளில் பாதி இவற்றுக்காகத்தான்.

முதலாவது கணக்குக் குழப்பம். மகள் கிளாஸ்ரூம் இணைப்பைத் தொடுகிறாள், 'உங்களுக்கு அனுமதி இல்லை' என்று வருகிறது. லேப்டாப் பழசு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பார்த்தால், பிரவுசரில் அப்பாவின் ஜிமெயில் திறந்திருக்கும். பள்ளியின் கதவை அப்பாவின் சாவியால் திறக்கப் பார்த்திருக்கிறாள். குரோமில் மேலே வலப்பக்கம் உள்ள வட்டத்தைத் தொட்டு, மகளுக்கென்று தனி புரொஃபைல் போட்டு, அதில் பள்ளிக் கணக்கை மட்டும் வையுங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்காக இருந்தால், நுழையும்போது 'என் நிறுவனம் இந்தச் சாதனத்தை நிர்வகிக்கட்டும்' என்ற பொருளில் ஒரு டிக் முன்கூட்டியே இருக்கும். அதை எடுத்துவிடுங்கள். வீட்டு லேப்டாப்பைப் பள்ளி நிர்வகிக்கத் தேவையில்லை.

இரண்டாவது, ஒன்றரை மணி நேரம். இது வளைகுடாத் தமிழர்களுக்கே உரிய தொல்லை. விடுமுறையில் ஊருக்கு லேப்டாப்பைக் கொண்டுபோய், கடிகாரம் இந்திய நேரத்துக்கு மாறி, திரும்பி வந்தபின் மாறாமல் இருந்துவிடும். காலை 8 மணி வகுப்பு திரையில் 9.30 என்று காட்டும். பிள்ளை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து 9.30-க்குச் சாவகாசமாக உட்காருவாள், வகுப்பு முடிந்திருக்கும். சிலர் நேர மண்டலத்தை விட்டுவிட்டு முள்ளை மட்டும் கையால் தள்ளி வைப்பார்கள். அது இன்னும் மோசம், சில சமயம் கணக்கில் நுழையவே விடாது. மண்டலத்தை அபுதாபி என்று மாற்றுங்கள், முள் தானே வரும். பழைய லேப்டாப்பில் ஒவ்வொரு முறை அணைத்து எழுப்பும்போதும் தேதி பல வருடம் பின்னே போனால், உள்ளே உள்ள பொத்தான் பேட்டரி தீர்ந்துவிட்டது. தேதி தப்பானால் பாதுகாப்புச் சான்றிதழ் பொருந்தாமல் எந்தத் தளமும் 'பாதுகாப்பற்றது' என்று மிரட்டும். வைரஸ் என்று பயந்து ஃபார்மட் செய்தவர்கள் உண்டு. தேவைப்பட்டது ஒரு பட்டன் செல்.

இணைப்பைப் பற்றிச் சுருக்கமாக. அமீரகத்தில் வீடுகளுக்கு வருவது பெரும்பாலும் ஃபைபர். வேகம் உங்களுக்குப் போதும், அதற்கு மேலும் இருக்கும். ஜூம் நிறுவனக் கணக்குப்படி, தெளிவான குழு வீடியோவுக்கு மேலே அனுப்ப 2.6 எம்பிபிஎஸ், கீழே வர 1.8 எம்பிபிஎஸ் போதும். இரண்டு பிள்ளைகள் சேர்ந்தாலும் 10-ஐத் தொடாது. அதனால் ஸ்பீடு டெஸ்ட்டில் 250 வருகிறதே என்று மகிழவும் வேண்டாம், பெரிய பேக்கேஜுக்கு மாறவும் வேண்டாம். கெடுவது கடைசிப் பத்து மீட்டர். கான்கிரீட் சுவர் இரண்டு தாண்டி, வாசலுக்குப் பக்கத்து அலமாரிக்குள் பூட்டிய ரூட்டரிலிருந்து வரும் வைஃபை. சோதிக்கும் முறை: கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, பிங் கட்டளையை 8.8.8.8 என்ற எண்ணுக்கு நிற்காமல் ஓடவிடுங்கள். மகளின் நாற்காலியில் ஒருமுறை, ரூட்டர் பக்கத்தில் ஒருமுறை. ஒவ்வொரு வரியின் கடைசியிலும் மில்லி செகண்டில் ஓர் எண் வரும். ரூட்டர் பக்கத்தில் அது சீராக இருந்து, மகளின் அறையில் 40, 300, 60 என்று குதித்தால், அல்லது நடுநடுவே 'டைம்டு அவுட்' வந்தால், வைஃபைதான் குற்றவாளி. லேப்டாப்புக்கு நேராக ஒரு கேபிள் இழுப்பதே நல்ல மருந்து. முடியாவிட்டால் வகுப்பு நேரத்தில் மகள் ஹாலுக்கு வரட்டும்.

மீட்டிங் திறக்கவில்லை என்றால் உடனே யாராவது, "விபிஎன் போடுங்க அக்கா" என்பார்கள். கேட்காதீர்கள். குற்றம் செய்யவோ மறைக்கவோ இணைய முகவரியை மாற்றினால் 2021-ன் 34-ஆம் எண் சட்டப்படி அபராதமே 5 லட்சம் திர்ஹாமில் தொடங்குகிறது. வகுப்புக்கு அது தேவையும் இல்லை. பள்ளிகள் பயன்படுத்துபவை இங்கே நேராகவே திறக்கும். ஏற்கெனவே விபிஎன் ஓடிக்கொண்டிருப்பதால்தான் பல வீடுகளில் வகுப்பு தடுமாறுகிறது. அணைத்துவிட்டுப் பாருங்கள்.

இவ்வளவும் செய்து 2016 லேப்டாப் தோற்றுவிட்டால், வாங்குங்கள். ஐ7 வேண்டாம். 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் 11 ஏற்கும் எந்த ஐ3-யும், ரைசன் 3-யும் ஐந்தாம் வகுப்புக்கு மட்டுமல்ல, பத்தாம் வகுப்புக்கும் போதும். காசு மிச்சம் பிடிக்கவேண்டும் என்றால், துபாய் காலித் பின் அல் வலீத் சாலையில், நம் ஆட்கள் கம்ப்யூட்டர் ஸ்ட்ரீட் என்று சொல்லும் இடத்தில், அலுவலகங்கள் கழித்துவிட்ட லாட்டிட்யூட், திங்க்பேட், எலைட்புக் வகைகள் புதுப்பித்து விற்கப்படுகின்றன. எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ பார்த்து வாங்குங்கள். மலிவான புது லேப்டாப்பைவிட இவை உறுதி. மலிவானவற்றில் இரண்டு பொறி உண்டு. 64 ஜிபி சேமிப்பு மட்டும் உள்ளவை, இரண்டு அப்டேட்டில் மூச்சுத் திணறும். 'எஸ் மோட்' விண்டோஸோடு வருபவை, ஸ்டோரில் இல்லாத எதையும் நிறுவ விடாது. எஸ் மோடிலிருந்து வெளியேறலாம், கட்டணம் இல்லை, ஆனால் திரும்பிப் போக முடியாது. பழைய குரோம்புக் மலிவாகக் கிடைத்தால், அமைப்புப் பக்கத்தில் அதன் அப்டேட் எந்த மாதம் முடிகிறது என்று கடையிலேயே பாருங்கள். தேதி கடந்த குரோம்புக்கை இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

படிவத்துக்கு வருகிறேன். மகனுக்கு டேப்லெட் என்று எழுதி, டிக் செய்யுங்கள். மகளுக்குச் சோதனை முடிந்தபின் செய்யுங்கள். 2016 லேப்டாப் தடுமாறினால், டிக் செய்யாமல் எது தடுமாறுகிறது என்று இரண்டு வரி எழுதி அனுப்புங்கள்: 'சிபியு திணறுகிறது, மாற்றும்வரை கேமராவை மூடிவைக்க அனுமதி வேண்டும்.' கேமராவை மூடினாலே சுமை நன்றாகக் குறையும். இதை மறுக்கும் டீச்சரை நான் இதுவரை பார்க்கவில்லை. ஒன்றும் சொல்லாமல் டிக் செய்தவர்களின் பிள்ளைகள்தான் தேர்வன்று திட்டு வாங்குகிறார்கள்.

அரசு லேப்டாப்பை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடாதீர்கள். கடைக்காரர் அதற்குக் கொடுப்பது ஒரு ஷவர்மா காசு. எடை குறைந்த லினக்ஸ் ஒன்றை ஏற்றி, இணையம் இல்லாமல், மகளுக்குத் தமிழ் 99 விசைப்பலகையில் தட்டச்சுப் பழகக் கொடுங்கள். அந்த வேலைக்கு 2 ஜிபி தாராளம். பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் முதலில் கழற்றி எடுத்து, சார்ஜரிலேயே ஓட்டுங்கள். கழற்றிய பேட்டரியைக் குப்பையிலும் போடாதீர்கள், வெயிலில் நிற்கும் காருக்குள்ளும் வைக்காதீர்கள்.